வெம்பக்கோட்டை பேண்டு செட் ஜெர்மனிக்கு வந்த கதை

1

எங்கள் தெருமுனை டிராம் நிறுத்தத்தில் இந்த வாரம் புதுச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். இடது பக்கம் கறுப்புத் தொப்பி வைத்த ருமேனியாக்காரர்கள் பன்னிரண்டு பேர். வலது பக்கம் சிவப்புச் சட்டையும் தோளில் தங்கக் குஞ்சமுமாக ஒன்பது பேர். அந்த ஒன்பது பேருக்கு நடுவில், கன்னம் இரண்டும் பந்தாக உப்ப ட்ரம்பட் ஊதுகிறவர் என் அண்ணன் முருகேசன். அவர் தலைக்கு மேலே, "ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு சந்திக்கும் உறவினர்கள்" என்று ஜெர்மன் மொழியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் வேலைக்குப் போகும் டிராமை இரண்டு தடவை விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்மணி, "உங்கள் நாட்டுக்காரர்களா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மூன்றாவது டிராம் வந்துவிட்டது.

அண்ணன் முதன்முதலாக இங்கே வந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த வருடத்தில் நடந்ததை ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுத வேண்டுமென்று பல ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் எனக்காவது தெளிவாகும் என்ற நினைப்பு. தெளிவாகவில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். சரி எது, தப்பு எது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. பெயர் சொன்னால் சாத்தூர்க்காரர்களுக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அப்பா சுப்பையா, பகலில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அழைப்பு வந்தால் பேண்டு செட். அண்ணனும் அப்படித்தான். விடியற்காலை கம்பெனி வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். கல்யாணமோ கோயில் பொங்கலோ வந்தால் முன்கூட்டியே லீவு சொல்லிவிடலாம். சாவு மட்டும் சொல்லிக்கொண்டு வராது. கம்பெனி வாசலில் யாராவது சைக்கிளில் வந்து நின்றால், போர்மேன் கேட்காமலே அனுப்பிவிடுவார்.

நானும் அதில் இருந்தேன். எனக்கு சைடு டிரம். வயிற்றோடு கட்டிக்கொண்டு, பிணத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே அடிப்பேன். வாழ்ந்து முடித்த சாவு என்றால் குத்துப்பாட்டு, சின்ன வயதுச் சாவு என்றால் சோகப்பாட்டு. வாசலில் செருப்புக் கிடக்கும் தினுசைப் பார்த்தே எந்தப் பாட்டு என்று அண்ணன் முடிவு செய்துவிடுவார்.

பிறகு சிவகாசியில் அச்சுத்தொழில் டிப்ளமோ படிக்கச் சேர்ந்தேன். இரண்டாம் வருடம், திருத்தங்கல் பக்கம் ஒரு பெரிய வீட்டுச் சாவு. கூட்டத்துக்கு நடுவில் என் வகுப்புப் பையன்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். செத்தவர் அவர்களில் ஒருவனுடைய தாத்தா. நான் அடித்துக்கொண்டே இருந்தேன், நிறுத்த முடியாதே. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பின் பெஞ்சிலிருந்து யாரோ மேசையில் தட்டினார்கள், சைடு டிரம் தாளத்திலேயே. அதற்குப் பிறகு கடைசி நாள் வரைக்கும் எனக்குப் பெயர் அந்தத் தட்டுதான்.

அடுத்த சாவுக்கு அண்ணன் கூப்பிட்டபோது, "பரீட்சை இருக்குண்ணே" என்றேன். அதற்கடுத்ததற்கும் பரீட்சை என்றேன். மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை. சித்தப்பா மகனுக்கு டிரம்மைக் கட்டிவிட்டார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3

அச்சு இயந்திரம் பழுது பார்க்கிற வேலை என்னை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நெக்கர் ஆற்றங்கரையில் ஒரு நகரம். மனைவி மாலதி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மகள் கயலுக்கு இப்போது பதினொன்று. அவள் தமிழை ஜெர்மனில் யோசித்துப் பேசுகிறாள். "அப்பா, நான் பசி வச்சிருக்கேன்" என்பாள். எங்கே வச்சிருக்கே என்று கேட்டால் முறைப்பாள். "உங்க அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று இங்குள்ள தமிழர்கள் என்னைக் கேட்டால், பட்டாசுத் தொழிலில் இருந்தார் என்பேன். பொய் இல்லை. கேட்டவர்கள் அப்பாவை முதலாளியாக நினைத்துக்கொண்டால் நான் திருத்தியதில்லை.

கால்பந்து உலகக் கோப்பை இங்கே நடந்ததே, அந்தக் கோடையில் நகரச் சதுக்கத்தில் ஒரு கச்சேரி. ருமேனியாவில் தார் ரோடு போகாத ஒரு கிராமத்தின் ரோமா மக்கள், ஜிப்சிகள் என்று வெளியார் சொல்கிறவர்கள். அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதுகிற பித்தளை வாத்தியக் குழு, ஜப்பான் வரைக்கும் போய் வந்த குழு என்று அறிவிப்பாளர் சொன்னார். ஊதத் தொடங்கினார்கள். சுதி கொஞ்சம் விலகி, ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாமல் போகிற அந்த ஊதல்! எங்கள் செட்டேதான். கண்ணை மூடினால் வெம்பக்கோட்டை ரோடு.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். குழுவை உலகமெல்லாம் கூட்டிப் போகிறவர் மார்ட்டின் என்கிற ஜெர்மன்காரர். "எங்கள் ஊரிலும் இப்படி ஊதுவார்கள்" என்றேன். மார்ட்டின் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரோமா மக்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்றும், வேரைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், இது தற்செயல் இல்லை என்றும் மூச்சுவிடாமல் பேசினார். "அந்தக் குழுவைத் தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன்.

என் அண்ணன் குழு என்று சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. எங்கள் ஊர் டீக்கடை போன் நம்பரைக் கொடுத்தேன்.

அந்த மார்கழியில் மார்ட்டின் மதுரை வரைக்கும் விமானத்திலும், அங்கிருந்து வாடகைக் காரிலும் எங்கள் ஊருக்கே போய்விட்டார். ஒரு கல்யாணம், இரண்டு சாவு கேட்டிருக்கிறார். அண்ணன் போனில் சொன்னார்: "ஏலே செல்வம், நீ அனுப்புன வெள்ளக்காரரு எளவு வீட்ல தரையில உக்காந்து கண்ணு கலங்குறாரு. செத்தவருக்குச் சொந்தமோன்னு எல்லாரும் வெலகி வழி விடுறாக."

4

பயணத்துக்குக் காகிதம் தயாரானபோது முதல் குழப்பம் வந்தது. ஒன்பது பேரில் அண்ணனையும் சேர்த்து நாலு பேர் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர்கள். வெடிக்கு அடைக்கிறதை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்த ஏஜெண்டு சென்னைக்காரர். "தொழில்?" என்று கேட்டிருக்கிறார். "மருந்து கலக்குறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு பேரையும் மருந்தாளுநர் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்.

விசா அதிகாரி அண்ணனிடம், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாராம். மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொல்ல, அண்ணன் தலையாட்ட, விசா கிடைத்துவிட்டது. இதை அண்ணன் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சிரித்தேன்.

5

அவர்கள் வந்து இறங்கிய அன்று மாலதிக்குப் பகல் முறை வேலை. கயலுக்கு விடுமுறை. அவளையும் கூட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். மார்ட்டினும் வந்திருந்தார். மற்ற பயணிகள் எல்லாம் வெளியே வந்தார்கள். எங்கள் ஆட்கள் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மார்ட்டினுக்கு போன் வந்தது.

சுங்கத்துறை மோப்ப நாய் ஒன்று, வரிசையாக வைத்திருந்த வாத்தியப் பெட்டிகளை முகர்ந்துகொண்டு வந்து, ட்ரம்பட் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதாம். வெடிமருந்து வாசம் கண்டால் உட்காரும்படி பழக்கிய நாய். அமெரிக்காவில் கோபுரங்கள் விழுந்ததிலிருந்து இதற்கெல்லாம் விளக்கம் கேட்காமல் விடுவதில்லை. தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை உள்ளே அழைத்தார்கள். பிள்ளையைத் தனியாக விட முடியாது என்றேன். சரி, அவளும் வரட்டும் என்றார்கள்.

வெள்ளை அறை. அண்ணன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நாலு வருடத்துக்குப் பிறகு அவரைப் பார்க்கிறேன். முன்நெற்றி ஏறியிருந்தது. நகக்கண்களில் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம். அது கழுவினால் போகாது, எனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். காவலர் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

"பயப்படாதீக அண்ணே" என்றேன்.

"நான் எதுக்குலே பயப்படணும்? நாயில்ல பயந்து உக்காந்திருச்சு" என்றார். கயலைப் பார்த்துச் சிரித்தார். "தாயி, எம்புட்டு வளந்துட்ட!"

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். "இவர் மருந்தாளுநர் என்று காகிதம் சொல்கிறது. பெட்டியில் வெடிமருந்துத் துகள் இருக்கிறதென்று இயந்திரம் சொல்கிறது. எதை நம்புவது?"

எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று விளக்கினேன். நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, வெடிக்கு அடைப்பதும் மருந்து. அவர் எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, "ஒரே சொல்லா?" என்றார். "ஒரே சொல்தான்." மறுபடி எழுதினார். பிறகு பேனாவை என் பக்கமும் அண்ணன் பக்கமும் மாற்றி மாற்றிக் காட்டி, "நீங்கள் இவருக்கு உறவா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது இதுதான்: குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஏழு மாதம். கோப்பு மேலதிகாரி மேசையில் இருந்தது. என் பெயரைப் போலீஸிலும் உளவுத்துறையிலும் விசாரித்துப் பதில் வர வேண்டிய வாரங்கள். இவருடைய காகிதத்தில், வெடிமருந்து வாசத்தோடு பிடிபட்டவருக்குத் தம்பி என்று என் பெயர் ஏறினால்? அண்ணன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. என்னுடையதில்தான் அப்பா பெயர் இருந்தது. பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

இதெல்லாம் அப்போது ஓடியதா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"நைன்" என்றேன். ஜெர்மனில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். "ஒரே ஊர், அவ்வளவுதான்."

அண்ணன் நிமிர்ந்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருந்தது. ஒன்பது. எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று அந்தம்மா கேட்பதாக நினைத்துக்கொண்டார். எனக்கு ஒத்தாசை செய்கிற மாதிரி பலமாகத் தலையாட்டினார். "எஸ் மேடம். நைன், நைன்."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

கயல் என் பக்கத்தில் காகிதக் குவளையில் ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலமும் தெரியும், ஜெர்மனும் தெரியும், பெரியப்பாவையும் தெரியும். குவளையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அண்ணனின் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன்.

நாலு மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். ட்ரம்பட்டைத் துடைத்துக் கொடுத்ததோடு, நாயைத் தொட்டுப் பார்க்கவும் அண்ணனை விட்டார்கள்.

6

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகைக் கூடத்தில் இரண்டு குழுவும் சந்தித்தன. ரோமாக் குழுவின் தலைவர் யோன், அண்ணன் வயதுதான், அவரும் ட்ரம்பட். யோன் ருமேனிய மொழியில் சொல்வதை மார்ட்டினின் உதவியாளர் ஜெர்மனில் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். பதில் அதே வழியில் திரும்பிப் போகும். போய்ச் சேரும்போது என்னவாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மார்ட்டின் ஆசையோடு காத்திருந்தார். யோனை அவர்களுடைய ரோமா மொழியில் எண்ணச் சொன்னார். யோன் விரல் மடக்கி, "யேக், துய், த்ரின்" என்று ஆரம்பித்தார். மார்ட்டின் அண்ணனைப் பார்த்தார்.

"இது வடக்கத்தி லாரிக்காரன் எண்ணுற மாதிரில்லலே இருக்கு" என்றார் அண்ணன். பிறகு, மரியாதைக்குத் தானும் விரல் மடக்கினார். "ஒன்னு, ரெண்டு, மூனு." எதுவும் எதோடும் ஒட்டவில்லை. மார்ட்டினின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இவுக நமக்குச் சொந்தம்னு போட்டிருக்காகளே, என்ன முறை?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். "பங்காளியா, மாமன் மச்சானா? மச்சான்னா கேலி பண்ணலாம். பங்காளிய அப்படிப் பேசப்பிடாது. கேட்டுச் சொல்லு."

நான் கேட்டேன். மார்ட்டின் இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது என்றார்.

அடுத்த சிக்கல் பாட்டு. சினிமாப் பாட்டு வேண்டாம், உங்கள் பாரம்பரியப் பாட்டை மட்டும் வாசியுங்கள் என்றார் மார்ட்டின். "நமக்குப் பாரம்பரியமே சினிமாப் பாட்டுத்தானலே" என்றார் அண்ணன். அதை மொழிபெயர்த்தேன். உதவியாளர் யோனிடம் சொன்னபோது பன்னிரண்டு ருமேனியாக்காரர்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர்களும் மார்ட்டினிடம் அதே பேச்சைக் கேட்டவர்கள்தானாம்.

அதற்குப் பிறகு யோன் நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாரிஸில் எங்களுக்கு மாலை போடுகிறார்கள். எங்கள் பக்கத்து டவுன் ஓட்டலில் மேசை காலியில்லை என்கிறார்கள். காலி மேசை கண்ணுக்குத் தெரிகிறது. உங்களுக்கு எப்படி?"

அண்ணன் ட்ரம்பட்டை மடியில் உருட்டிக்கொண்டிருந்தார். "சொல்லு அவருட்ட. எங்களுக்கு நல்லா சாப்பாடு போடுவாக. பந்தி முடிஞ்ச பெறகு."

'பந்தி'க்கு ஜெர்மனில் சொல் கிடைக்கவில்லை. கடைசியாகப் போடுவார்கள் என்று சொன்னேன். அது ருமேனிய மொழிக்குப் போனபோது என்ன ஆனதோ. யோன் அண்ணனின் தோளில் கை போட்டார். என்னைக் காட்டி ஏதோ கேட்டார். உங்களுக்காகப் பேசுகிற இந்த ஆள் யார் என்று கேட்கிறார் என்றார் உதவியாளர். நான் தமிழில் சொன்னேன்.

"எந் தம்பி. கூடப் பொறந்தவன்" என்றார் அண்ணன்.

அதை நான் மொழிபெயர்க்க வேண்டும். மார்ட்டின் பார்த்துக்கொண்டிருக்கிறார். கயல் மூலையில் பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "நான் அவருடைய தம்பி என்கிறார்" என்றேன்.

மார்ட்டின் நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு அழகு! இந்தியாவில் எல்லோரும் சகோதரர்கள், இல்லையா?"

இல்லை, உண்மையிலேயே கூடப் பிறந்தவன் என்று திருத்தியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. உதவியாளர் ருமேனிய மொழியில் எதைச் சொன்னார் என்றும் தெரியவில்லை.

மறுநாள் கச்சேரி. யோன் குழு தங்கள் ஊர்ச் சாவுப் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். நாலு வரி போனதும் அண்ணன் எழுந்து நின்று உள்ளே நுழைந்துவிட்டார். ஒத்திகையில் அப்படி எதுவும் பேசியிருக்கவில்லை. இருபத்தொரு பேரும் சேர்ந்து ஊத, கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்தது. வயதானவர்கள்கூட ஆடினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் ஆடிக்கொண்டே அழுதார். முடிந்ததும் கால்மணி நேரம் கைதட்டல்.

வியர்வை சொட்டச் சொட்ட அண்ணன் மேடை ஓரத்துக்கு வந்தார். "எளவுப் பாட்டுக்கு ஏன்லே கைதட்டுறாக?"

"சந்தோசப்படுறாக அண்ணே."

"செத்தது யாரு?"

"யாருமில்ல."

"அப்ப அந்தம்மா எதுக்கு அழுகுது?"

அதற்குள் அவரை மறுபடி மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

7

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தக் கோடையில் ஆறு நகரங்கள். ஒரு சி.டி. வெளியானது. ஊர் திரும்பியபோது தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்தது. சிவகாசி அச்சகம் ஒன்று அடுத்த வருடத் தினசரிக் காலண்டர் அட்டையில் அவர்கள் படத்தையே போட்டது. சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் தன் உப்பின கன்னம் இருக்கிறது என்று அண்ணன் கூசிக்கொண்டார்.

வேறு தொல்லையும் வந்தது. "விமானத்துல போயிட்டு வந்தவுக, எளவு வீட்டுக்குக் கூப்பிட்டா வருவீகளா?" என்று தயங்குகிறார்களாம். கல்யாண வீட்டிலோ அந்த ருமேனியாப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். "அது எளவுப் பாட்டுய்யான்னு சொல்றேன், கேக்க மாட்டேங்காக. பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னால அதை ஊத எனக்கு ஒடம்பு கூசுது" என்றார். யோன் அனுப்பிய கடிதத்தில், எங்கள் கல்யாணக் குத்துப்பாட்டு ஒன்றை அவர்கள் ஊர்ச் சாவுகளில் வாசிப்பதாகவும், செத்தவர்களுக்குப் பிடித்திருப்பதாகவே தோன்றுகிறது என்றும் எழுதியிருந்தது.

எனக்கு அந்தக் குளிர்காலத்தில் குடியுரிமை கிடைத்தது. நகராட்சிக் கூடத்தில் கொடுத்தார்கள். விமான நிலையத்தைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லோரும் வாழ்த்தினார்கள். கயல் மட்டும் கை கொடுத்தாள், அலுவலகத்தில் கொடுக்கிற மாதிரி. விமான நிலையத்திலிருந்து வந்த நாள் முதல் அவள் என்னிடம் தமிழில் பேசுவது குறைந்திருந்தது. கேட்டதற்கு, "எனக்குச் சொல் வரலை" என்றாள். மாலதியிடம் வந்தது.

8

இந்த வருடமும் விழாவுக்கு அழைப்பு. முடிந்ததும் இரண்டு வாரம் எங்கள் வீட்டில் தங்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். அதற்கு நான் தனியாக உத்தரவாதப் பத்திரம் கொடுக்க வேண்டும். போன மாதம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். கயலை வேண்டுமென்றே கூட்டிப் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. படிவத்தில் 'விருந்தினர் உங்களுக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில், கயல் பார்க்க, 'அண்ணன்' என்று ஜெர்மனில் பெரிதாக எழுதினேன். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது.

கவுண்டரில் இருந்தவர் இளைஞர், நிதானமானவர். விழா அலுவலகம் அனுப்பியிருந்த அண்ணனின் இந்த வருட விசா விண்ணப்ப நகலை என் படிவத்தோடு ஒப்பிட்டார். ஓரிடத்தில் பேனா நின்றது.

"இங்கே பாருங்கள். 'ஜெர்மனியில் உறவினர் உண்டா?' 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீங்கள் அண்ணன் என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் பொய்த் தகவல் என்று விசாவை மறுத்துவிடுவார்கள்."

அது ஏஜெண்டின் பிழை என்றுதான் நினைத்தேன். ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து அண்ணனுக்கு செல்போன் போட்டேன். ஊரில் அப்போது மத்தியானம். கம்பெனிக்குள் செல்போன் கூடாது. எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். பின்னால் டிரம் சத்தம்.

"எளவு வீட்ல இருக்கேன். சொல்லுலே."

"அண்ணே, விசா பாரத்துல இங்க ஒறவு யாருமில்லைன்னு போட்டிருக்கு. ஏஜெண்டு தப்பாப் போட்டுட்டாரு போல."

"ஏஜெண்டு இல்ல. நான்தான் போடச் சொன்னேன்."

"ஏன்?"

டிரம் சத்தம் விலகியது. எழுந்து தள்ளிப் போயிருக்க வேண்டும். "போன வருசம் நீ போலீசுகிட்டச் சொன்னதுக்கும் இதுக்கும் ஒத்துப் போகணும்ல."

கதவுக்குள் கவுண்டர் பக்கத்தில் நின்ற கயலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நைன்னா ஒம்போதுன்னு நெனச்சேன்" என்றார். "ரெண்டாம் நாளு ஓட்டல்ல காப்பி வேணுமான்னு கேட்டாக. யோனு நைன் நைன்னு கையாட்டுனாரு. அவருக்கு ஒம்போது காப்பி வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒன்னுகூட வரல. அப்பத்தான் வெளங்குச்சு."

"அண்ணே, அன்னைக்கு..."

"விடுலே. ஒனக்கு அங்கன என்ன இக்கட்டோ. ரெண்டு பேரும் உள்ள மாட்டிக்கிட்டா வெளிய எடுக்க யாரு இருக்கா?" ட்ரம்பட்டிலிருந்து எச்சிலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "நீ மேளம் அடிக்க வர மாட்டேன்னப்பவும் நான் கேக்கலைல்ல." யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "தூக்கப் போறாக. வைக்கிறேன்."

கடைசியாகச் சொன்னது சமாதானமா, கணக்கா? அந்தக் குரலை மனதுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

கவுண்டருக்குத் திரும்பினேன். அண்ணன் விண்ணப்பத்தைத் திருத்தித் தரலாமா என்று கேட்டேன். தரலாம், ஆறு வாரம் ஆகும், விழா முடிந்துவிடும் என்றார் இளைஞர். நான் எழுதிய கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "இதை அடித்துவிட்டு 'அறிமுகமானவர்' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

ஒரே கோடுதான். அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது.

திரும்பி வரும் டிராமில் கயல் எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். பிறகு ஜெர்மனில் கேட்டாள். "இப்போது உண்மையைச் சொன்னால் பெரியப்பா வர முடியாதா?"

"முடியாது" என்றேன்.

"போன வருடம் உண்மையைச் சொல்லியிருந்தால்?"

வண்டி பாலத்தின் மேல் ஏறியது. பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

"வந்திருப்பார்" என்றேன். "வெளியே விட இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்."

"ஒரு மணி நேரம்" என்றாள் கயல். அதைத் தமிழில் சொன்னாள்.